விழுப்புரம் போகாத மெஷின்

தையல் மெஷினுக்குள் யாரும் ஊதக் கூடாது. வாயாலும் கூடாது, பம்பாலும் கூடாது, கரண்டில் ஓடுகிற எந்த எழவாலும் கூடாது. ஊதினால் தூசு வெளியே வராது, உள்ளே போகும். உள்ளே போய் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிடும். போன வாரம் என் மகன் கம்ப்யூட்டருக்குக் காற்றடிக்கிற கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு என் மெஷின் பக்கம் வந்தபோது இதைத்தான் சொன்னேன். சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனான். போகட்டும், பசித்தால் வருவான் என்று விட்டுவிட்டேன். பசித்தது. வந்தான்.

அவன் வயதுக்காரர்களுக்கு நான் எழுதவில்லை. அவர்கள் எதையும் படிப்பதில்லை. அறுபதைத் தாண்டி, மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மிதி மெஷின் இருந்திருக்கும். அதன்மேல் பூப்போட்ட துணி ஒன்று மூடியிருக்கும். அதை ஓட்டத் தெரிந்தவள் ஒருத்தி இருந்திருப்பாள். அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவளுக்குப் புத்தி சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நாலு பேரில் முதல் ஆள் என் அப்பா. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். நல்லவர்தான். மெஷின் விஷயத்தில் மட்டும் முட்டாள். உண்மையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பாவுக்கு வேலை விழுப்புரத்தில், ரயில்வேயில் ஃபிட்டர். தினமும் காலையில் ரயிலில் போய் சாயங்காலம் வருவார். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள். இதில்தான் வினையே. அப்பா காலையில் போகும்போது கையில் ஏதாவது ஒன்று இருக்கும். சாயங்காலம் கையை வீசிக்கொண்டு வருவார்.

சுவர்க்கடிகாரம் அப்படித்தான் போனது. ரிப்பேர் என்று போனது, அத்தை வீட்டுச் சுவரில் மணி அடித்தது. இட்லிப் பானை ஒரு விருந்துக்கு என்று போனது. அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்த இரும்பு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, பித்தளைச் சல்லடை, மூன்று பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. பெஞ்சை எப்படி ரயிலில் ஏற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்ப எப்போது வரும் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். விழுப்புரம் போன பொருள் திரும்பாது. அது எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத, எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

மிச்சம் இருந்த ஒரே பெரிய பொருள் மெஷின். கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் பூங்கொடி. அம்மாவின் இடது கை படுகிற இடத்தில் மட்டும் பூ தேய்ந்து போயிருந்தது. பக்கத்து இழுப்பறையில் பால் பவுடர் டப்பா நிறைய பொத்தான்கள், உடைந்த சாக்குக்கட்டிகள். இழுத்தால் புதுத்துணிக் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்த ஒரு வாசம் வரும். அந்த வாசம் வந்தால் அம்மா கோபமாக இல்லை என்று அர்த்தம். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்ல மாட்டார்கள். அப்பாகூட அவரே எழுந்து மொண்டு குடிப்பார்.

நான் சொல்கிற கதை பொங்கலுக்கும், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கும் நடுவில் நடந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். அந்த வருடம் எனக்குப் புதுநன்மை. எங்கள் கோயிலில் ஆறு பெண்பிள்ளைகள் முதன்முதலாக நன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம், வாங்கப்போகிறோம். முந்தின வருடம் ஒரு வசதியான வீட்டுப் பெண் பாண்டிச்சேரியில் வாங்கிய ஜரிகை வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பூசை முடிவதற்குள் முணுமுணுத்து, வெளியே வந்ததும் சண்டை போட்டார்கள். அதனால் இந்த முறை பங்குச் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: ஆறு பேருக்கும் ஒரே வெள்ளைத் துணி, ஒரே மாதிரி கவுன், தைப்பது ஒரே ஆள். அந்த ஆள் என் அம்மா. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டும்.

மூன்று கவுன் முடிந்தது. நாலாவதில் மெஷின் மக்கர் பண்ணியது.

காரணம் எனக்கே தெரியும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இடையர்களுக்கு அங்கி வேண்டும் என்று பழைய கம்பளிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ராஜாக்களுக்கு வெல்வெட்டு. அம்மா பத்து நாள் கம்பளி தைத்தாள். வீடு முழுக்க மயிர் பறந்தது. சோற்றில்கூடக் கிடந்தது. சோற்றில் கிடந்தது மெஷினில் கிடக்காதா? இப்போது மிதித்தால் டக் டக் என்று உள்ளே எதுவோ முட்டியது. துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டது. ஊசி ஒடிந்தது. இன்னொரு ஊசியும் ஒடிந்தது.

அன்று சாயங்காலமே அம்மா அப்பாவிடம் சொன்னாள். "உள்ள பஞ்சு அடைச்சிக்கினு இருக்குதுங்க. தெறந்து எடுத்தா சரியாப்பூடும். திருப்புளி குடுங்க."

திருப்புளி அப்பாவின் கருவிப் பெட்டியில் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

"தெறக்கறதுக்கு எந்த நாயாலயும் முடியும்," என்றார் அப்பா. "திரும்பப் பூட்டறதுக்குத்தான் ஆளு வேணும். நாயித்துக்கிழம நானே பாக்கறேன், விடு."

கவனியுங்கள். நோய் என்ன, மருந்து என்ன என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நடந்த எல்லாமே அதைக் கேட்காததால் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அப்பா, சட்டையைக் கழற்றிவிட்டு சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். வேலை செய்கிற இடத்தில் எஞ்சினுக்குக் காற்றடித்துத்தான் தூசு எடுப்பார்களாம். எஞ்சினுக்கே அப்படி என்றால் இது எம்மாத்திரம் என்றார். பம்பின் குழாயை ஊசிக்குக் கீழே இருக்கிற சந்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னார் என்னை. நான் பிடித்தேன். அவர் அடித்தார். புசுபுசுவென்று கொஞ்சம் பஞ்சு மேலே எழும்பி அவர் மூக்கில் ஏறியது. ஏழு தும்மல் தும்மினார். தும்மி முடித்து, "பாத்தியா, எவ்ளோ வருது," என்றார். மேலே வந்தது ஒரு பிடி. உள்ளே போனது நாலு பிடி. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். முன்பு முட்டியது, இப்போது கடித்தது.

உடனே விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன் என்று ஊசிக்கு அடியில் ஆள்காட்டி விரலை நுழைத்தார். ஊசியைக் கழற்றவில்லை. சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றவில்லை. பம்பு பிடித்து அலுத்துப்போன நான், எல்லாப் பிள்ளைகளும் உட்காருகிற மாதிரி, மெஷினுக்கு அடியில் போய் மிதிப்பலகையின்மேல் உட்கார்ந்தேன்.

பலகை சாய்ந்தது. சக்கரம் அரைச் சுற்று சுற்றியது.

அப்பா கத்தவில்லை. டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு நீளமான சத்தம்தான் வந்தது. ஊசி நகத்துக்குள் இறங்கி அடுத்த பக்கம் எட்டிப் பார்த்தது. அம்மா ஓடிவந்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே தூக்கி, விரலை வெளியே எடுத்து, தண்ணீரில் கழுவி, துணி சுற்றிக் கட்டினாள். கட்டிய பிறகு மெஷினுக்குப் போய் பெல்ட்டைக் கழற்றி ஜன்னலோர ஆணியில் மாட்டினாள்.

"இத மொதல்ல கழட்டணும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு அடி விழுந்தது, நல்ல கையால். ரொம்ப நாள் அந்தக் குற்றம் என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன், அப்பாவின் விரலைக் குத்தினேன் என்று. இப்போது சொல்கிறேன், அது என் பாவம் இல்லை. பெல்ட்டைக் கழற்றாமல் விரலை விட்டவருடைய பாவம். கொடுத்த மன்னிப்பு வீணாய்ப் போனது.

தையல் மெஷின் குத்தியது என்று வேலை செய்கிற இடத்தில் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். தண்டவாளத் துண்டு விழுந்துவிட்டது என்று சொல்லியனுப்பி லீவு போட்டுவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் பார்க்க வந்துவிட்டார்கள். எந்தத் தண்டவாளம், எத்தனை அடி, எங்கே வைத்திருந்தது என்று அக்கறையாகக் கேட்டார்கள். தண்டவாளம் விழுந்த விரலில் இவ்வளவு சின்னக் கட்டு எப்படி என்று அவர்களுக்குச் சந்தேகம். அப்பா பேச்சை மாற்ற, அம்மா காப்பி கொண்டுவர, நான் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து சாத்துக்குடி தின்றேன்.

தம்பிக்குக் கை போய்விட்டது என்று விழுப்புரத்தில் செய்தி பரவி, செவ்வாய்க்கிழமை அத்தை வந்து இறங்கினாள். துணிப்பையில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை, இடுப்பில் ஒரு சின்ன பாட்டில். பாட்டிலில் மந்திரித்த தேங்காயெண்ணெய். ஏதோ ஒரு மாதா கோயில் திருவிழாவில் வாங்கி வந்தது. காதுவலிக்கு அதுதான், கால்வலிக்கு அதுதான், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெற்றிக்கும் அதுதான். அத்தையைத் தப்பாக நினைக்காதீர்கள். அவள் திருடி இல்லை. தம்பி வீட்டுப் பொருளும் தன் வீட்டுப் பொருளும் வேறு வேறு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

கட்டைப் பிரித்து விரலில் எண்ணெய் தடவினாள். பிறகு மெஷினைப் பார்த்தாள்.

"கண்ணு பட்டிருக்குது தம்பி. எத்தினி பேரு வந்து பாத்துக்கினு போறாங்க இத," என்றாள்.

மெஷினில் எண்ணெய் விடுவதற்கென்று சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு போதும். அதுவும் மெஷின் எண்ணெய், தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்கும். அத்தை ஓட்டை என்று எதையெல்லாம் பார்த்தாளோ அதிலெல்லாம் ஊற்றினாள். அடிநூல் சுற்றிய பாபின் போடுகிற குழியில் மிச்சத்தைக் கவிழ்த்தாள். மூன்று அருள் நிறை மரியே ஜெபம் சொன்னாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்ப்பதற்குள் பாட்டில் காலி. அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. கையில் கரண்டி இருந்தது ஞாபகம் இருக்கிறது. கரண்டியைப் பார்த்து நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

கம்பளி மயிரும் வெல்வெட்டுத் தூளும் தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? மறுநாள் காலை சக்கரம் அசையவே இல்லை. உள்ளே முறுக்கு மாவு மாதிரி இறுகியிருந்தது. அம்மா துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். மந்திரித்த எண்ணெயைத் துடைப்பதா? துடைத்த துணியை எங்கே போடுவாய், குப்பையிலா? மாதாவைக் குப்பையில் போடுவாயா? அம்மா துணியை மடித்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை அத்தை தீர்ப்புச் சொன்னாள். எங்க தெருவுல ஒரு மெக்கானிக் இருக்கான், கைராசிக்காரன், விழுப்புரத்துக்கு எடுத்துக்கினு வந்துடு தம்பி. அப்பாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மெஷினின் இரும்புக் காலை மட்டும் இங்கே விட்டுவிட்டு மேல் மெஷினைச் சாக்கில் கட்டி வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கொண்டுபோய்விடுகிறேன் என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் கடிகாரம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணி மட்டும் இருந்தது.

மூன்று கவுன் பாக்கி. அதில் ஒன்று என்னுடையது. வெட்டிய வெள்ளைத் துணி டேபிளில் மடித்துக் கிடந்தது, கையில்லாமல், கழுத்தில்லாமல். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வெள்ளையிலும் மூன்று பேர் பள்ளிக்கூடப் பாவாடையிலும் நிற்போம். அதுகூடப் பரவாயில்லை. மெஷின் போய்விட்டால் அம்மா மறுபடியும் தண்ணீர் கொண்டுவருகிற ஆளாகிவிடுவாள். அப்போது எனக்கு இதை இப்படிச் சொல்லத் தெரியாது. மெஷினின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு அம்மா முகம் கழுவி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாள். அவர் பின்பக்கம் கோழிகளுக்கு அரிசி இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா தோத்திரம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சாமி, மெஷின் உள்ள பூரா மந்திரிச்ச எண்ண இருக்குது. அத அப்படியே சாக்குல கட்டி ரயில்ல எடுத்துக்கினு போனா பாவங்களா? கீழதான் வெப்பாங்க. ஒழுவும். எல்லாரும் மிதிச்சிக்கினு போவாங்க."

சாமியார் அரிசிக் கையோடு நின்றார். "மெஷினுக்கு எதுக்கும்மா மந்திரிச்ச எண்ணெய்?"

"விழுப்புரத்து அண்ணி ஊத்துனாங்க, சாமி."

சாமியாருக்கு அத்தையைத் தெரியும். ஒரு பெருமூச்சு விட்டார். கோழி ஒன்று அவர் காலை மிதித்துக்கொண்டு போனது. யோசித்துவிட்டு, மிதிபடக் கூடாதுதான் என்றார். மரியாதையாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைத்த துணியைக் குப்பையில் போடக் கூடாது. பழைய குருத்தோலைகளை எரிக்கும்போது அதோடு சேர்த்து எரித்துக்கொள்ளலாம்.

"கழட்டாம தொடைக்க முடியாது, சாமி," என்றாள் அம்மா. "திருப்புளி வேணும். அத நீங்களே வந்து எங்கூட்டுக்காரர்கிட்டயும் அண்ணிகிட்டயும் சொல்லிட்டா நல்லா இருக்கும்."

அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மா பயந்துபோய் எண்ணெய்க்குப் பரிகாரம் கேட்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா ஒரு கோழை என்று நினைத்தேன். பத்து வயதுக் கழுதைக்கு அவ்வளவுதான் புத்தி.

சாமியார் மத்தியானம் சைக்கிளில் வந்தார். அப்பா அன்றைக்கும் விரலைச் சாக்குச் சொல்லி லீவு போட்டிருந்தார். மந்திரித்த எண்ணெயோடு மெஷின் ரயில் ஏறக் கூடாது, முழுசாகக் கழற்றித் துடைத்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று சாமியார் சொன்னதும் அத்தை முழங்காலில் விழுந்தாள். அவள் போட்ட சட்டமே சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றது. மறுத்துப் பேச முடியாது. அப்பா அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு நடந்த மாதிரி மரியாதையாக எந்தத் தையல் மெஷினும் எந்த ஊரிலும் கழற்றப்பட்டிருக்காது. அம்மா தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தாள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கப்போகிறேன் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்பா வழக்கப்படி பீடியைப் பற்றவைத்தார். "வெளிய போய்ப் பிடிங்க," என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்து அவள் அவருக்குப் போட்ட முதல் உத்தரவு அது. அவர் போனார். போனவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தத் திருகு தொலையப்போகிறது என்று.

ஒன்றுகூடத் தொலையவில்லை. முதலில் பெல்ட் ஏற்கெனவே ஆணியில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள். சக்கரத்தை இரண்டு கையாலும் அசைத்து அசைத்து ஊசியை மேலே கொண்டுவந்து, அதைக் கழற்றிக் காகிதத்தில் சுருட்டி என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். பிறகு துணியை அமுக்குகிற கால். பிறகு இரும்புத் தகடு, அதன் இரண்டு திருகுகள். பிறகு பாபின். எடுத்ததை எடுத்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக வேட்டியில் வைத்தாள், பூட்டும்போது வலமிருந்து எடுத்தால் போதும் என்று. அத்தை ஜெபமாலையைத் தொடங்கினாள். ஒரு பத்து ஜெபம் முடிவதற்குள் ஒரு பாகம் வந்தது.

தகடு வந்ததும் உள்ளே தெரிந்தது. அடை. உண்மையாகவே அடை மாதிரி தட்டையாக, கனமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே எங்கள் கவுன் வெள்ளை. அதற்கடியில் ராஜாக்களின் சிவப்பு வெல்வெட்டு. பிறகு இடையர்களின் கம்பளிப் பழுப்பு. அடியோடு அடியாக என் பள்ளிக்கூடப் பாவாடை நீலம். ஒரு வருடத்துத் தையல் எல்லாம் அடுக்கடுக்காக இருந்தது.

ஒரு நூல்கூடக் கீழே விழக் கூடாது என்று அத்தை தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு எந்த வீட்டிலும் ஆளுக்கொரு பக்கம் உதறித் தள்ளியிருப்பார்கள். எங்கள் வீட்டில் நன்மை ஏந்துகிற மாதிரி ஏந்தினார்கள். அத்தை தன் கொண்டை ஊசியை எடுத்து நீட்டினாள், நோண்டுவதற்கு. அம்மா வாங்கவில்லை. இரும்பு பட்டு கீறல் விழுந்தால் அதில் நூல் மாட்டி மாட்டி அறுக்கும் என்றாள். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நுனியில் துணி சுற்றி, சந்துகளில் விட்டு எடுத்தாள். பற்கள் மாதிரி வரிசையாக இருக்கிற இடத்துக்குப் பிரஷ் வேண்டும் என்றாள். குளியலறைக்குப் போய் அப்பாவின் பல் விளக்குகிற பிரஷைக் கொண்டுவந்தாள். ஜன்னலில் அப்பாவின் முகம் மாறியது. ஆனால் ஜெபமாலை நடக்கும்போது எப்படிக் கத்துவது?

பிசுக்கு எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியில் வந்தது. பிறகு காய்ந்த துணி. பிறகு சும்மா காற்றில் ஆறவிட்டாள், மண்ணெண்ணெய் வாசம் போகும்வரை. அதற்குப் பிறகுதான் மெஷின் எண்ணெய், ஓட்டைக்கு ஒரு சொட்டு. எல்லாவற்றையும் பூட்டி, பெல்ட்டை மாட்டி, பழைய கிழிசல் துணி ஒன்றைக் கொடுத்து ஓட்டினாள். முதல் நாலு வரியில் எண்ணெய்க் கறை விழுந்தது. கறை நிற்கும்வரை கிழிசலிலேயே ஓட்டினாள். வெள்ளைத் துணி ஆயிற்றே.

சத்தம் தெருவுக்குக் கேட்டது. டக் டக் இல்லை. பழைய சத்தம்.

"பாத்தியா, எண்ண வேல செஞ்சிடுச்சி," என்றாள் அத்தை.

"நாயித்துக்கிழம பம்பு அடிச்சேனே, அதுலயே லூசாயிடுச்சி," என்றார் அப்பா ஜன்னலிலிருந்து.

அம்மா மிதியை நிறுத்தாமல், "ஆமாங்க அண்ணி," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "ஆமாங்க," என்றாள்.

ஓடுகிற மெஷினை மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லையே என்று, அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்த சாமியார் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த இரண்டு ஆமாங்களின்மேல் எனக்கு ரொம்ப வருடங்கள் கோபம் இருந்தது. ஏன் சொன்னாய், நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்று பெரியவளான பிறகு ஒருநாள் சண்டைக்கே போனேன். அம்மா இழுப்பறையைத் திறந்து சாக்குக்கட்டி எடுத்தாள். உள்ளே அப்பாவின் திருப்புளி கிடந்தது. அந்த வியாழக்கிழமையிலிருந்து அது அங்கேதான் இருந்தது. யாரும் திரும்பக் கேட்கவில்லை. இப்போது என் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுசாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அப்பா பிரஷைத் தேடினார். மந்திரித்த எண்ணெய் பட்டதால் அதுவும் எரிக்க வேண்டிய கணக்கில் சேர்ந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். அப்பா கரித்தூளால் பல் விளக்கிவிட்டு ரயில் ஏறினார். கையை வீசிக்கொண்டு போனார். காலையில் அவர் அப்படிப் போய் நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஒரே துணியில், ஒரே கவுனில், வரிசையாக நன்மை வாங்கினோம். கழுத்தில் கஞ்சி குத்தியது. வேறு எதுவும் ஞாபகம் இல்லை. மன்னிக்கவும், பக்தியாக எழுதத் தெரியவில்லை.

அத்தை ஊருக்குப் போகவில்லை. புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டுதான் போவேன் என்றாள். உங்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முந்தின வருடத்துக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் தவக்காலத்தின் முதல் நாள் நெற்றியில் சிலுவையாகப் பூசுவார்கள். செவ்வாய்க்கிழமை, கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் ஓலை வாங்க வந்தபோது, அத்தை தாம்பாளத்தோடு நின்றாள். அடை, பிசுக்குத் துணி, ஈர்க்குச்சி, பிரஷ் எல்லாம் அதில். உபதேசியார் முகத்தைச் சுளித்தார். சாமியார் உத்தரவு என்றாள் அத்தை. அவர் பிரஷின் பிடியைக் கோயில் மாமரத்தடியில் புதைத்துவிட்டு மிச்சத்தை ஓலையோடு எரித்ததாகப் பிறகு சொன்னார்.

புதன்கிழமை சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். வழக்கமாகச் சாம்பல் நரைத்த மாதிரி இருக்கும், திரும்புவதற்குள் உதிர்ந்துவிடும். அந்த வருடம் கன்னங்கறுப்பாக, பளபளவென்று, ஒட்டிக்கொண்டு இருந்தது. கோயிலே அதைப் பார்த்து அசந்துபோனது. அத்தை சாமியாரிடம் இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடச் சொல்லிக் கேட்டாள். அவர் போட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

வெளியே வரும்போது எனக்கு நெற்றி அரித்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். அம்மா கையைப் பிடித்து இறக்கினாள். நேராகப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்.

"தொடைக்காத. அது உன் கவுனு."

நான் சிரித்துவிட்டேன். கோயில் வாசலில், தவக்காலத்தின் முதல் நாளில், சத்தமாக. அப்பா நல்ல கையால் தலையில் ஒரு குட்டு வைத்தார். அவர் நெற்றியிலும் சிலுவை மின்னியது. அதில் அவருடைய பிரஷும் இருந்திருக்கும்.

சாயங்காலம் அத்தை பஸ் ஏறினாள். ஊர் போய்ச் சேரும்வரை முகம் கழுவ மாட்டேன், எங்கள் தெருவில் இந்த மாதிரி சாம்பல் யாருக்கும் கிடைத்திருக்காது என்றாள். ஜன்னலோரமாக உட்கார்ந்து, நெற்றியில் முந்தானை படாமல் பிடித்துக்கொண்டு போனாள். அந்த முறை எங்கள் வீட்டிலிருந்து விழுப்புரம் போனது அவ்வளவுதான்.